வாத்தியார் குரல் இருந்த டிஸ்க்

அந்தத் தொண்டை மருத்துவமனையில் அவளை எல்லோரும் ‘சர்வர் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் நாள் அவளிடம் காபி கேட்பார்கள். “கேன்டீன் கீழ இருக்கு. நான் வேற சர்வர்” என்பாள். முறையாகப் படித்தது தட்டச்சு மட்டும். பதினாறு வருடமாக அங்கிருந்த கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்தது அவள்தான்.

குரல்வளையை எடுக்கவேண்டிய நோயாளிகளை முன்கூட்டியே உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்வார்கள். பிறகு அவர்கள் எழுதுவதை அவர்கள் குரலிலேயே பேசும் கருவி தயாராகும். பதிவுகள் பெருகவே, எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றச் சொன்னது நிர்வாகம். அவளும் ஆழம் தெரியாமல் காலை விட்டாள்.

கிளவுடில் வாடகைக்கு எடுக்கும் மெஷினோடு தற்காலிக டிஸ்க் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். மெஷினை நிறுத்தி வேறு அளவுக்கு மாற்றினால் அதில் உள்ளதெல்லாம் போய்விடும். நிலைத்து நிற்க வேண்டுமானால் டேட்டா டிஸ்க் ஒன்றைத் தனியாக வாங்கி இணைக்க வேண்டும். இணைத்தால் மட்டும் போதாது, மெஷினுக்குள்ளே போய் அதைத் தயார் செய்யவும் வேண்டும்; அதுவரை அது உள்ளே கண்ணில் படாது. அவள் வாங்கினாள், இணைத்தாள். உள்ளே இரண்டாவதாக ஒரு டிஸ்க் தெரிந்தது. வாங்கியது இதுதான் என்று நினைத்துப் பதிவுகளை அதில் ஏற்றினாள். அதிலே ‘இது தற்காலிகம்’ என்று ஓர் எச்சரிக்கைக் கோப்பு இருந்தது. திறந்து பார்க்கவில்லை.

பத்து மாதம் ஒரு குறையும் இல்லை. பேக்கப் வெற்றி என்று தினமும் மெயில் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மெஷின் மந்தமாக இருந்ததால் நிறுத்திவிட்டுப் பெரிய அளவுக்கு மாற்றினாள். பத்து நிமிடத்தில், குரல் பயிற்சி தரும் அம்மா அவள் அறைக்கு வந்தாள்.

“அக்கா, அந்தக் கணக்கு வாத்தியாருக்குக் கருவி பண்ண உக்காந்தேன். அவர் பேசின ஃபைல் எதுவும் காணோமே.”

பார்த்தாள். டிஸ்க் காலியாக இருந்தது. பேக்கப்பைத் திறந்தாள். அது நகல் எடுத்துவைத்திருந்தது, அவள் தொடவே தொடாத டேட்டா டிஸ்க்கை. பத்து மாதமும் சுத்த வெறுமை. கிளவுட் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

“தற்காலிக டிஸ்க்ல இருந்ததை எடுக்க வழியே இல்லைங்க.”

ரெக்கார்டரில் இருந்ததை அன்றன்றே அழிக்கச் சொல்லி விதி போட்டதும் அவளேதான்.

மற்ற நோயாளிகளில் பாதிப் பேருக்குக் கருவி கொடுத்தாகிவிட்டது. மீதிப் பேருக்கு இன்னும் குரல் இருந்தது, திரும்பப் பதியலாம். வாத்தியாருக்கு மட்டும் ஒன்பது நாளுக்கு முன்பு அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. பதினெட்டு நாள் வந்து, பேரப்பிள்ளைகளின் பெயர் முதல் வாய்ப்பாடு வரை பேசிவிட்டுப் போயிருந்தார்.

“டாக்டர் சொல்லட்டும், நீங்க போகாதீங்க” என்றாள் பயிற்சியாளர். அவள் கேட்கவில்லை.

வாத்தியார் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி. சர்வர் அக்கா மென்று விழுங்காமல் முழுவதையும் சொன்னாள். அவர் பலகையை எடுத்து, ‘பரவாயில்லை, திரும்பப் பேசித் தர்றேன்’ என்று எழுதினார். எழுதியதைத் தானே ஒருமுறை வாசித்தார். பிறகு உள்ளங்கையால் மெதுவாக அழித்தார்.

“எவ்வளவு நேரம் ஆகும்னு கேக்கறார் போல” என்றாள் மனைவி, பலகையைச் சரியாகப் பார்க்காமல்.

“கிடைக்காதும்மா. என் தப்புதான்.”

மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

நிர்வாகம் விளக்கம் கேட்டது, எச்சரித்தது, வேலையில் வைத்துக்கொண்டது. அவளைவிட்டால் வேறு ஆள் இல்லை. டேட்டா டிஸ்க்கை முறையாகத் தயார் செய்ய நான்கு நிமிடம் பிடித்தது.

இரண்டு வாரம் கழித்து வாத்தியாரின் மனைவி போன் செய்தாள்.

“மக கல்யாண வீடியோல இவர் பேசறது இருக்கும்மா. ‘எல்லாரும் சாப்ட்டுப் போங்க’ன்னு. அதை வச்சுப் பண்ண முடியுமா?”

மூன்று சொல்லை வைத்துக்கொண்டு ஒரு குரலைக் கட்ட முடியாது. அது அவளுக்குத் தெரியும்.

“கொண்டு வாங்கம்மா, கேட்டுப் பாக்கறேன்” என்றாள். மறுமுனையில் அந்த அம்மா நன்றி சொல்ல ஆரம்பித்தாள்.