அடிக்கனம்

சித்தி வேலையை விட்டு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னால். செருப்பைக் கழற்றினாள். திறக்காத சாப்பாட்டு டப்பாவை மேஜையில் வைத்தாள். நான் குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் கையிலிருந்து பிடுங்கி, மிச்சத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, கட்டைவிரலை உள்ளேயும் ஆள்காட்டி விரலை வெளியேயும் வைத்துச் சுவரை மேலிருந்து கீழாக நெருடினாள். பிறகு அடியை நெருடினாள்.

"சுவரும் அடியும் ஒரே கனம். கஞ்சப் பய செஞ்சது" என்றாள். வேலையை விட்டுவிட்டேன் என்று அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

அவளைத் தெரிந்தவர்களுக்கு அந்த நெருடல் புதிதல்ல. பாத்திரக்கடையில் அவளைக் கண்டதும் கடைக்காரர் உள்ளே போய்விடுவார். விருந்துக்குப் போன வீட்டில் குழம்பை ருசிப்பதற்கு முன் கிண்ணத்தைத் தடவிப் பார்ப்பாள். சித்தப்பாவுக்குக் குடல்வால் அறுவை நடந்து அவர் மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது, மனைவி கட்டிலருகே நின்று, வாந்தி எடுக்க வைத்திருந்த தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். "நான் பொழச்சனா இல்லையான்னு அப்புறமாத்தான் திரும்பிப் பாத்தா" என்று பஸ்ஸில் டிக்கெட் கிழித்தபடியே சித்தப்பா தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அவர் கண்டக்டர்.

சித்தியின் வேலை, தகட்டுப் பட்டறையில் அளவு போடுவது. வட்டமாக வெட்டிய தகட்டை முதலில் கிண்ணமாக இழுப்பார்கள். பிறகு கிண்ணத்துக்குள் ஒரு எஃகுத் தண்டை நுழைத்து, கிண்ணத்தைவிடக் கொஞ்சமே சிறிய வளையம் ஒன்றின் வழியே தள்ளுவார்கள். உள்ளே தண்டு விடாது, வெளியே வளையம் விடாது. நடுவில் மாட்டிய சுவருக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு போக்கிடமில்லை. சுவர் மெலிந்து மெலிந்து உயரமாகும். பட்டறையில் இதற்கு அயர்னிங் என்று பெயர். உறவில் பாதிப்பேர் சித்தி துணி தேய்க்கும் கம்பெனியில் இருந்ததாகவே நினைக்கிறார்கள். அவளும் திருத்துவதில்லை.

வாங்குகிறவர்கள் கேட்பது முடிந்த உருளைக் கூட்டை: இத்தனை உயரம், இத்தனை அகலம், சுவர் இவ்வளவு மெல்லிசு. சித்தி அங்கிருந்து பின்னோக்கி நடப்பாள். கடைசி வளையத்துக்கு முன் எவ்வளவு உயரம், அதற்கும் முன் எவ்வளவு, கிண்ணமாக இருந்தபோது எவ்வளவு, வெறும் வட்டமாக இருந்தபோது எவ்வளவு. சுவர் பாதியாக மெலிந்தால் உயரம் இரண்டு மடங்காகும், அவ்வளவுதானே என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டு மடங்குக்கு மேல ஒரு துளி. வெளிச்சுத்தளவும் குறையுதில்ல, அத யாரு கணக்குல சேர்ப்பா?" என்றாள். அந்த ஒரு துளிக்குத்தான் இவளுக்குச் சம்பளம் என்றார் சித்தப்பா.

மேலே ஏறும் விளிம்பும் சமமாக ஏறாது. அங்கங்கே துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் காது என்பார்கள். நறுக்கி எறிவதற்காக உயரத்தில் கொஞ்சம் கூடுதலாக விடவேண்டும். யார் வரைபடத்தைக் காட்டினாலும், "காதுக்கு எவ்ளோ விட்ட?" என்பதுதான் அவள் கேட்கும் முதல் கேள்வி.

பின்னோக்கி நடப்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. மூன்று வருடம் ஊர் ஊராய்த் திரிந்துவிட்டு நான் அவள் வீட்டில் பெட்டியை இறக்கியபோது, "வாடி ஊர்சுத்தி. கடைசி ஊர்லருந்து சொல்லு" என்றாள். சொன்னேன். ஒவ்வொரு ஊருக்கும், "அங்க எதுக்குப் போன?" என்று கேட்டுக் கேட்டு, நான் முதன்முதலில் வீட்டைவிட்டுக் கிளம்பிய காலைவரை என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். எனக்கே மறந்துபோன காரணம் அங்கே கிடந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். காரில் வைக்கும் சிறிய தீயணைப்பு சிலிண்டருக்குப் பட்டறையில் கூடு செய்கிறார்கள். முதலாளி நோயில் படுத்துவிட்டதால் மகன் பொறுப்பேற்றிருந்தான். படித்தவன், சுறுசுறுப்பானவன், கணக்கும் தெரிந்தவன். சின்ன வயதில் பிரஸ் இயந்திரங்களுக்கு நடுவே ஓடித் திரிந்தபோது சித்தியை அக்கா என்பான். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு மேடம் என்றான். சுவர் கடைசியில் மெல்லிசாகத்தானே போகிறது, ஆரம்பத்திலேயே மெல்லிய தகடு வாங்கினால் இரண்டு வளையத்துக்குப் பதில் ஒன்று போதுமே என்று அவன் ஒரு வரைபடம் போட்டிருந்தான். உயரம் சரி. அகலம் சரி. சுவரும் சரி. சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் சித்தி கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

சித்தி பேனாவை மூடினாள். வளையம் சுவரைத்தான் மெலிக்கும், அடியைத் தொடாது, தகடு எந்தக் கனமோ அடி கடைசிவரை அந்தக் கனம்தான் என்று சொல்லியிருக்கிறாள். மெல்லிய தகடு வாங்கினால் சுவர் தப்பிக்கும், அழுத்தத்தை வாங்குகிற அடி தப்பிக்காது. அவனும் விடவில்லை. தண்ணீர் அழுத்தச் சோதனையில் பத்துக் கூடு தாங்கிவிட்டன என்றான். உங்க காலத்துக் கணக்கு எல்லாத்துலயும் பயம் ஜாஸ்தி மேடம் என்றான். கையெழுத்துப் போடுங்க, இல்லன்னா போடறவங்கள நான் பாத்துக்கறேன் என்றான்.

"பாத்துக்க தம்பி" என்று சொல்லிவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அதன் பிறகு எதுவும் வெடிக்கவில்லை. அதுதான் பெரிய சங்கடம். லாரி லாரியாகக் கூடுகள் போயின. வாசலுக்குப் புதுப் பெயர்ப்பலகை வந்தது என்று சித்தப்பா செய்தி கொண்டுவந்தார். அவர் பஸ் அந்த வாசலைத் தாண்டித்தான் போகும். அதனாலேயே சித்தி அந்த பஸ்ஸில் ஏறுவதில்லை, இரண்டு பஸ் மாறிச் சுற்றிப் போவாள். "பொண்டாட்டியே ஏறாத பஸ்ஸுல ஊருக்கெல்லாம் டிக்கெட் குடுக்கறேன்" என்று அவர் புலம்புவார்.

சித்தி இப்போது வீட்டு மேஜையிலேயே அளவு போடுகிறாள், ஜாடி மூடிகளுக்கு. மூடிக்கு ஏறுவதற்குச் சுவர் ஏது? காலையில் உட்கார்ந்தால் பத்து மணிக்கு வேலை முடிந்துவிடும். மிச்சப் பகலெல்லாம் வீட்டிலுள்ள பாத்திரங்களை நெருடிக்கொண்டிருப்பாள். ஒருநாள் குளியலறை வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, குளிக்காமலே திரும்பி வந்தேன்.

அம்மா போனில் தங்கையைத் திட்டினாள். அவன்தான் நன்றாக ஓட்டிக்கொண்டிருக்கிறானே, ஒரு கையெழுத்து, அதற்குப் போய் இவ்வளவு வீம்பா என்றாள். போனை நான் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் கேட்டது.

"ஓடறதும் சரியா இருக்கறதும் ஒண்ணாக்கா?" என்றாள் சித்தி.

"ஒண்ணுமே ஆகலியேடி."

"ஆகாமலே போகட்டும். நல்லதுதான. அப்பவும் நான் போட மாட்டேன்."

சித்தப்பா, வீட்டுக்கு ஒரு கோபக்காரர் போதும், அந்தப் பதவியை நீயே வைத்துக்கொள், நான் சோற்றை வடிக்கிறேன் என்று எழுந்து போனார்.

நான் மறுபடி கிளம்பினேன், மறுபடி வந்தேன். ஒன்றரை வருடம் போயிருந்தது. கடைசி ஊரிலிருந்து சொல்லத் தொடங்கிப் பாதிக் கதை வந்திருந்தபோது சித்தியின் போன் துடித்தது. கையில் மாவு இருந்ததால் என்னைப் படிக்கச் சொன்னாள். பட்டறையிலிருந்து முதலாளி மகன் அனுப்பிய செய்தி.

'அக்கா, வெயில்ல நின்ன கார்ல சிலிண்டரோட அடி வெளிய தள்ளிருச்சு. நிக்க வெச்சா ஆடுதுன்னு மொத்த லாட்டும் திருப்பி அனுப்பிட்டாங்க. யாருக்கும் அடி படல. பழைய தகட்டுக்கே போறோம். புது சைஸுக்கு நானே அளவு போட்டேன். பாருங்கக்கா.'

கூடவே வரைபடத்தின் படம். சரிபார்த்தவர் கட்டம் காலியாக இருந்தது.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். காலிக் கட்டத்தின் பக்கம் போகவே இல்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கூட்டின் அடியில் வைத்து விரித்தாள். அடி திரை முழுக்கப் பெரிதாகும்வரை விரித்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினாள்.

'காதுக்கு எவ்ளோ விட்ட?'

அனுப்பிவிட்டு, மேஜையில் கிடந்த மூடி வரைபடங்களைச் சுருட்டி ஓரமாக நிறுத்தினாள். என்னை மேலே சொல்லும்படி கையசைத்துவிட்டு, பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.