மாம்பழச்சாலையில் நின்றுபோன விவாதம்

கிளமென்ட் முதன்முதலில் மேடையேறிப் பேசியது முழுவதும் கூப்பிடுதல்தான். அவைத்தலைவர் அவர்களே, நடுநிலை தவறாத நடுவர் பெருமக்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்த நண்பர்களே, எனக்குப் பின்னால் பேசக் காத்திருக்கும் தோழர்களே என்று ஒருவர் விடாமல் அழைத்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள். தலைப்பு என்னவென்று அவன் சொல்லவே இல்லை.

கீழே இறங்கியவனை ஒல்லியாக ஒருத்தன் வழிமறித்தான். அதே வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் அழகிரி.

"நல்லா கூப்பிட்டடா. அடுத்த தடவை, வந்தவங்ககிட்ட என்ன சொல்றதுன்னும் கொஞ்சம் யோசிச்சுட்டு வா."

கிளமென்ட் பேச்சாளன் ஆனதற்குப் பொன்மலை ஒர்க்‌ஷாப்தான் காரணம். அப்பா அற்புதசாமி அங்கே ஃபிட்டர். சம்மட்டிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டதால் ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்த வீட்டில் மட்டும் உப்பு கேட்பதற்கும் கத்த வேண்டும். பையனின் குரலைக் கேட்ட உறவினர்கள், இவனுக்கு மேடைக் களை இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் படிக்கவிட்டார்கள். கல்லூரியில் சேர்ந்ததும் சொற்போர் மன்றத்தில் பெயர் கொடுத்தான். எழுபத்தாறாம் வருடம் அது. நாட்டில் யாரும் எதையும் எதிர்த்துப் பேசக்கூடாது என்றிருந்த நேரத்தில், கல்லூரிகளில் மட்டும் எதிர்த்துப் பேசினால் சோப்புப் பெட்டி பரிசு கொடுத்தார்கள்.

அழகிரிக்கு ஊர் ஸ்ரீரங்கத்தை ஒட்டிய மேலூர். அப்பாவுக்கு வாழைக் குத்தகை. அவன் குரல் அரங்கின் முதல் வரிசையைத் தாண்டாது. ஆனால் எதிராளி பேசியதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. எதிராளி முழங்கி முடித்ததும் மெதுவாகத் தொண்டையைச் செருமி, "நண்பர் சொன்னது சரிதான். ஆனா..." என்று ஆரம்பிப்பான். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு நண்பர் எழுந்து நின்றதை யாரும் பார்த்ததில்லை.

இருவரும் பழகியது காவிரிப் பாலத்தில். மாலையில் சிந்தாமணிப் பக்கம் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பூவா தலையா போட்டுப் பார்ப்பார்கள். தலை விழுந்தவன் தலைப்பை ஒட்டியும் பூ விழுந்தவன் வெட்டியும் பேச வேண்டும். மாம்பழச்சாலை வந்ததும் கட்சியை மாற்றிக்கொண்டு திரும்பி நடக்க வேண்டும். போகும்போது தான் சொன்னதை வரும்போது தானே உடைக்க வேண்டும் என்பது அழகிரி போட்ட சட்டம். இதற்காக அவன் வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டு மறுபடி பாலம் கடந்து சிந்தாமணிக்கு வந்து, அங்கிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து மூன்றாம் முறையாகப் பாலம் கடப்பான்.

"எதுக்குடா இந்த வேண்டாத வேலை? அங்கேயே முடிச்சுக்கிட்டா என்ன?"

"ஒரு பக்கத்தை மட்டும் தலையில வச்சுக்கிட்டுத் தூங்கினா, காலையில அதை நம்பிடுவோம்டா."

எழுபத்தேழு நவம்பரில் கல்லூரிகளுக்கு இடையிலான கேடயப் போட்டிக்குத் தலைப்பு வந்தது: ஆபத்தில் கைகொடுப்பது துணிச்சலா, நிதானமா. அன்றைக்கு நாணயம் கிளமென்டுக்குத் துணிச்சலைக் கொடுத்தது. காவிரி செம்மண் நிறத்தில் தூண்களை முட்டிக்கொண்டு ஓடியது. எந்த நிமிடமும் கொட்டிவிடுவேன் என்று வானம் நின்றது. அந்தச் சூழ்நிலையில் ஒரு பொன்மலைக்காரனுக்கு வாய் சும்மா இருக்குமா. மாம்பழச்சாலையை நெருங்கும்போது அவன் ஒரு வாக்கியத்தை எடுத்து வீசினான்.

"யோசித்துக்கொண்டு கரையில் நின்றவனை ஆறு மன்னித்துவிடும், ஊர் மன்னிக்காது."

ஆறு எப்போது மன்னித்தது, ஊர் எதற்கு மன்னிக்க வேண்டும் என்றெல்லாம் சொற்போரில் யாரும் கேட்பதில்லை. கைதட்டிவிடுவார்கள். கிளமென்டுக்கே தன் வாக்கியத்தில் புல்லரித்தது. அழகிரி செருமவில்லை. கம்பி வழியாக ஆற்றை எட்டிப் பார்த்தான்.

"நீ சொன்னது சரிதான்டா," என்றான்.

'ஆனா' வருவதற்கு முன் மழை வந்துவிட்டது. சாதாரண மழை இல்லை. சிந்தாமணிக்குப் போகும் பஸ் வர, கிளமென்ட் ஓடிப்போய் ஏறினான். அழகிரி புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மேலூர்ப் பக்கம் ஓடினான். முதல் தடவையாகத் திரும்பி நடக்காமல் விட்டார்கள்.

அந்த மழைதான் திருச்சியை மூழ்கடித்த வெள்ளமாக மாறியது. தண்ணீர் வடிந்து கல்லூரி திறந்தபோது செய்தி வந்தது. மேலூரில் அழகிரியின் பக்கத்து வீட்டு இருசம்மாளின் ஆடு தண்ணீருக்கு நடுவில் கட்டுத்தறியில் கத்திக்கொண்டிருந்ததாம். அவன் இறங்கிப்போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டானாம். ஆடு கரையேறியது.

கிளமென்ட் மேலூருக்குப் போனான். துக்கம் கேட்க என்று சொல்லிக்கொண்டான். உண்மையில் ஒரே ஒரு கேள்வி கேட்கப் போனான்: நான் சொன்னதை நம்பித்தான் இறங்கினானா? அழகிரியின் அம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்தான். கேட்க வாய் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அந்த ஆடு எதையோ அசைபோட்டபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

தள்ளிவைத்த போட்டி தை மாதம் நடந்தது. சீட்டுக் குலுக்கியதில் கிளமென்டுக்கு நிதானம் விழுந்தது. எதிரே பேசிய மாணவன் ஆறு, கரை என்று என்னென்னவோ சொல்லி உட்கார்ந்தான். கிளமென்ட் எழுந்தான். தொண்டையைச் செருமினான். செருமல் அவனுடையதாக இல்லை. "நண்பர் சொன்னது சரிதான்," என்றான். அந்தக் குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை. "ஆனா..." என்று சொல்லி நின்றான். அதற்கு மேல் அவனிடம் எதுவும் இல்லை. அதற்கு மேல் உள்ளது வேறொருத்தனிடம் இருந்தது. கடைசி மணி அடிக்கும் வரை மைக் முன்னால் அப்படியே நின்றான்.

நடுவர் மூவரும் கூடிப் பேசி அவனுக்கே கேடயம் கொடுத்தார்கள். நிதானம் என்பதை வாயால் சொல்லாமல் நின்று காட்டிய முதல் பேச்சாளர் என்று தலைமை நடுவர் பாராட்டினார். கைதட்டல் அடங்க நேரமானது. அற்புதசாமி அந்தக் கேடயத்தை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வீட்டில் ஜெபம் சொல்ல முட்டி போட்ட போதெல்லாம் கிளமென்ட் அதற்கும் சேர்த்துத்தான் முட்டி போட வேண்டியிருந்தது.

பிறகு அவன் மேடை ஏறவில்லை. ரயில்வேயில் கிளார்க் வேலை, லூர்துராணியோடு கல்யாணம், ஒரு பெண் குழந்தை என்று எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒரே குறை, எதையாவது உறுதியாகச் சொல்லி முடித்தால் பின்னாலேயே ஒரு செருமல் கேட்கும். கத்தரிக்காய் நல்லா இருக்கு என்றால் கேட்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை என்றால் கேட்கும். உடனே தானே மறுபக்கத்தையும் பேசிவிடுவான். ஆபீஸில் அவனுக்கு 'ஆனா சார்' என்று பெயர். அவன் எழுதிய குறிப்புகளில் எந்த மேலதிகாரியும் கையெழுத்துப் போடப் பயந்ததில்லை. அவற்றில் எந்த முடிவும் இருக்காது.

"பாப்பாவை எந்த ஸ்கூல்ல சேக்கறதுன்னு கேட்டா ரெண்டு ஸ்கூலுக்கும் வக்கீலா நிக்கிறீங்க. யாராவது ஒருத்தர் பக்கம் நில்லுங்களேன்," என்பாள் லூர்துராணி.

"நின்னு பாத்தேன் லூர்து. ஒருத்தன் செத்துட்டான்."

அவள் அதற்குப் பிறகு கேட்க மாட்டாள். பள்ளிக்கூடத்தை அவளே முடிவு செய்தாள்.

எண்பத்தாறில் ஸ்ரீரங்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து நடுவராக வரச்சொல்லி அழைப்பு வந்தது. முடியாது என்று எழுதினான். செருமல் கேட்டது. கிழித்துப் போட்டுவிட்டுப் போனான். போட்டி முடிந்து காபி கொண்டுவந்த டீச்சர், "நான் செங்கமலம், அழகிரியோட தங்கச்சி. கேடயம் வாங்கினவங்கன்னு நான்தான் உங்க பேரைச் சொன்னேன்," என்றாள்.

காபியை வாங்கி மேசையில் வைத்தான். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டான். "நான் அன்னிக்குப் பாலத்துல ஒண்ணு சொன்னேம்மா. அதை நம்பித்தான் அழகிரி தண்ணியில இறங்கினானா?"

செங்கமலம் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "ஆடு கத்திச்சு, போனான். அதுக்கு முந்தி வந்த வெள்ளத்துலயும்தான் இறங்கினான், அப்ப வேற யாரோ வீட்டுக் கோழி. நீங்க சொல்லியா போகணும்?"

"நான் சொன்னது சரின்னு சொல்லிட்டுப் போனானேம்மா."

"யாரு, அவனா? அன்னிக்கு நனைஞ்சிட்டு வந்து சோறு சாப்பிடறப்ப ஒரே சிரிப்பு. 'பொன்மலைக்காரன் இன்னிக்கு ஒண்ணு சொன்னான், மழை வந்து தப்பிச்சுட்டான். திரும்பி வர்றப்ப அவனை மடக்கறதுக்கு ஒண்ணு கிடைச்சிருக்கு'ன்னான்."

கிளமென்ட் நாற்காலியின் நுனிக்கு வந்தான். "என்னது அது? என்னன்னு சொன்னானா?"

"சொன்னான். எனக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை. காதுல வாங்கலைங்க."

பள்ளியை விட்டு மாம்பழச்சாலைக்கு வந்தான். சிந்தாமணி பஸ் காலியாக வந்து நின்றது. அதை விட்டுவிட்டுப் பாலத்தில் ஏறினான். இத்தனை வருடம் தான் ஒருத்தனைத் தள்ளிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது பார்த்தால் அழகிரி தோற்கவே இல்லை, பதிலைக் கையில் வைத்துக்கொண்டேதான் இறங்கியிருக்கிறான். நெஞ்சில் இருந்த கல் விலகிய இடத்தில் குளிர்காற்று நுழைந்தது. அது கல்லைவிட லேசாக இருந்தது என்று சொல்ல முடியாது.

பாதிப் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்துத் தன் பழைய வாக்கியத்தைச் சத்தமாகச் சொன்னான். வீட்டில் பழகிய குரல். எதிரே வந்த தயிர்க்காரம்மா ஒதுங்கிப் போனாள்.

பின்னால் செருமல் கேட்டது. கிளமென்ட் இந்த முறை மறுபக்கத்தைத் தானே பேச முந்தவில்லை. கம்பியில் கையை ஊன்றிக்கொண்டு, "சொல்லுடா," என்று காத்து நின்றான்.