கற்பூரம் எரியும் நேரம்

ஸப்ரான் தன் காரைப் பற்றிப் பேச வாய் திறந்தாலே எனக்குத் தலைவலி வந்துவிடும். என் தங்கை முஷ்ரிபாவின் புருஷன் என்பதால் எழுந்து போகவும் முடியாது. பதுளை பஸாரில் நான் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். வாடகைக்குக் கார் ஓட்டுவது அவன் தொழில். ஹயர் இல்லாத நேரங்களில் அவன் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அளந்துகொண்டிருப்பான்.

“அறுநூத்தி அம்பத்தெட்டு சீசீ, மூணு சிலிண்டர். ஆனா அறுவத்துநாலு குதிர! டர்போ ஈக்கி மச்சான், டர்போ!”

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்த சின்னக் கார்தான். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு குட்டிச் சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். டர்போ என்பது அவ்வளவுதான். அது இல்லாத அதே மொடல் கார், நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாதையில் நாலு பேரை ஏற்றினால் முக்கி முனகும். ஸப்ரானுடையது அஞ்சு பேரையும் ஒரு மூட்டை அரிசியையும் ஏற்றிக்கொண்டு விசில் அடித்தபடி ஏறும்.

“இந்தச் சின்ன எஞ்சின நம்பலாமா?” என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். தாராளமாக நம்பலாம், ஒயிலைக் கவனித்தால் என்பேன். டர்போ சக்கரம் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதன் தண்டு மெல்லிய ஒயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருக்கும். ஏற்றம் ஏறி முடித்ததும் அது நெருப்பாய்க் கொதிக்கும். அந்த நேரம் எஞ்சினை அணைத்தால் ஒயில் ஓட்டம் நின்றுவிடும், நின்ற ஒயில் அங்கேயே கருகிக் கரியாகும். ஒன்றிரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணைத்தால் ஆபத்தில்லை. இதை நான் ஸப்ரானிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

அவன் வேலை செய்த விதம் இதுதான். தோட்டத்துச் சனங்கள் குடியிருக்கும் லயங்கள் பள்ளத்தில் இருந்தன. அங்கிருந்து செங்குத்தாய் ஏறினால் மேட்டில் ஒரு முனியாண்டி கோயில். எந்த வண்டியில் போனாலும் தோட்டத்துச் சனங்கள் அங்கே இறங்கிக் கற்பூரம் கொளுத்தாமல் போகமாட்டார்கள். ஸப்ரான் கோயில் முன்னால் நிறுத்திய கையோடு சாவியைத் திருப்பி அணைத்துவிடுவான். கற்பூரம் எரிந்து முடிந்து எல்லோரும் ஏறியதும், எஞ்சினைப் போடாமலே இறக்கத்தில் உருளவிடுவான். நீண்ட இறக்கம் அது. அடியில், பெரிய பாதைச் சந்திக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன ஏற்றம் வரும். அங்கேதான் மறுபடி சாவி போடுவான். பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த வருஷத்தில், த்ரீவீல் ஓட்டிய காலத்தில் படிந்த பழக்கம்.

“கற்பூரம் எரியிற மட்டும் ஓடட்டுமேடா. அது போதும்” என்றேன் ஒருநாள்.

“பெற்றோல் யாரு தாற? நான் இப்பிடி மிச்சம் புடிக்கிறதாலதான் கொழுந்து பறிக்கிற புள்ளயளுக்கு ஹயர் கொறச்சி எடுக்க ஏலுது. டர்போவப் பாக்கிறதா, மனிசரப் பாக்கிறதா?”

அவன் கஞ்சன் இல்லை. அவனைவிடக் குறைவாக அந்தப் பாதையில் யாரும் ஹயர் எடுத்ததில்லை. தோட்டத்துச் சனங்கள் அவனை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் நல்லவனாக இருந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

அன்று காலை தோட்டத்து ஃபெக்டரிக்குப் பெல்ட் கொடுப்பதற்காக நானும் அவனோடு போயிருந்தேன். திரும்பும்போது மலையிலிருந்து அலறல் கேட்டது. குளவிக் கூடு கலைந்துவிட்டது. கொழுந்துக் கூடைகளைப் போட்டுவிட்டுப் பெண்கள் சிதறி ஓடி வந்தார்கள். நிரஞ்சலாவை மட்டும் அவள் புருஷன் ஜெயசீலன் தூக்கிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் வீங்கிக் கண் மூடிவிட்டது. மூச்சு விசில் மாதிரி வந்தது.

தோட்டத்து லொறி மற்றப் பிரிவுக்குப் போயிருந்தது. அம்புலன்ஸ் லயத்துக்கு வந்து திரும்ப நேரமெடுக்கும் என்று, பெரிய பாதைச் சந்தியில் வந்து நிற்கப் போனில் சொன்னோம். சந்தி வரைக்கும் அவளைக் கொண்டுபோவது எங்கள் பொறுப்பு.

“நானா, சுருக்கா போங்க நானா” என்றான் ஜெயசீலன். அவள் தலை அவன் மடியில் கிடந்தது.

பாதி ஏற்றத்தில் விசில் சத்தம் கீச்சிட்டு, பிறகு உரசல் சத்தமாகி, சட்டென்று நின்றது. காரின் பலம் போய்விட்டது. பின்னால் நீலப் புகை. டர்போவின் தண்டு முறிந்துவிட்டது. எஞ்சினின் ஒயிலெல்லாம் அந்த முறிவு வழியே புகையாய்ப் போய்க்கொண்டிருந்தது. ஒயில் இல்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஸப்ரான் அதைப் பார்த்தான், ஆனாலும் மிதித்த காலை எடுக்கவில்லை.

“யா அல்லாஹ், மேடு மட்டும். மேடு மட்டும் போதும்.”

மேட்டுக்குக் கொஞ்சம் கீழே எஞ்சின் இறுகி நின்றது. நானும் ஜெயசீலனும் இறங்கித் தள்ளினோம். ஸப்ரான் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கதவோரம் நின்று தள்ளினான். அழுதுகொண்டே தள்ளினான். எப்படியோ கோயில் வாசலுக்கு ஏற்றிவிட்டோம். அன்று யாரும் கற்பூரம் கொளுத்தவில்லை.

இறக்கத்தில் அவன் உருட்டிய உருட்டு எனக்குக் கனவிலும் வருகிறது. செத்த எஞ்சின், எஞ்சின் துணையில்லாமல் மிதிக்கக் கல்லாய் இறுகிய பிரேக், ஒவ்வொரு வளைவிலும் பள்ளம். அவன் தினமும் உருட்டிப் பழகிய பாதை என்பதால்தான் உயிரோடு இறங்கினோம். காருக்குள் அவளுடைய மூச்சுச் சத்தம் மட்டும்தான். அதுவும் இடைவெளி விட்டு விட்டு வந்தது.

அந்தச் சின்ன ஏற்றத்தில் கார் நின்றது. ஸப்ரானின் கை தன்னால் சாவிக்குப் போனது. திருப்பினான், மறுபடி திருப்பினான். ஒரு ‘டிக்’ சத்தத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. அந்த இடத்தில் போனில் சிக்னலும் இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் மாறி மாறி ஓடினோம். சந்தி கண்ணில் படும்போது அவள் மூச்சு நின்றிருந்தது. அம்புலன்ஸில் அவர்கள் செய்யாத முயற்சி இல்லை. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அம்புலன்ஸ் பிள்ளைகளில் ஒருவன் மெதுவாகச் சொன்னான். ஸப்ரானுக்கு அது கேட்டது.

அவன் வேறு எஞ்சின் போட்டான். என் கடைக்கு வருவான், ஸ்டூலில் உட்காருவான், யாராவது காரைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவான். அளக்கட்டுமே என்று நான் ஏங்கினேன். எப்படியடி சமாளிக்கிறாய் என்று முஷ்ரிபாவிடம் கேட்க வாயெடுத்தால், அவள் என்னைப் பார்த்து அழுவாள்.

கருமாதிக்குச் சாமான் வாங்க ஜெயசீலன் பதுளைக்குப் போக வேண்டியிருந்தது. ஸப்ரானைத்தான் கூப்பிட்டான். நீ தனியாகப் போகாதே என்று நானும் ஏறிக்கொண்டேன். லயத்தில் ஆளாளுக்கு ஸப்ரானின் கையைப் பிடித்தார்கள், நானா இல்லாவிட்டால் மேட்டுக்கே வந்திருக்க முடியாது என்றார்கள். அவன் கூனிக்குறுகி நின்றான்.

கோயிலில் ஜெயசீலன் இறங்கிக் கற்பூரம் கொளுத்தினான். கார் எஞ்சின் ஓடியபடியே நின்றது. அவன் திரும்பி வந்து கண்ணாடி வழியே குனிந்தான்.

“பெட்ரோல் வீணாப் போகுதே நானா. அணைச்சிருங்க. எங்களுக்காக எவ்வளவுதான் செலவு பண்ணுவீங்க?”

ஸப்ரான் அப்போது சொன்னான். ஒளிக்காமல், ஒயில் கருகியதிலிருந்து தண்டு முறிந்தது வரை. “இந்த எடத்துல, இந்தக் கையாலதான் ஜெயசீலன். கற்பூரம் எரியிற நேரம் ஓடவிட்டிருந்தா அது முறிஞ்சீக்காது. இவன் செல்லிச் செல்லி நான் கேக்கல்ல.”

ஜெயசீலன் நிமிர்ந்து கற்பூரத்தைத் திரும்பிப் பார்த்தான். ஏசினால் பரவாயில்லை, அடித்தாலும் பரவாயில்லை என்று நான் நினைத்தேன்.

“எறங்குறப்ப சத்தமே இருக்காதுன்னுதான் அவ ஒங்க கார்லயே வருவா நானா” என்றான். “அந்த எறக்கத்துலதான் கொஞ்சம் கண்ணு மூடுவா.”

அதற்குப் பிறகு அவன் காரில் ஏறவில்லை. இறக்கத்தில் நடக்க ஆரம்பித்தான். ஸப்ரான் முதல் கியரில், எஞ்சினை அணைக்காமல், சந்தி வரைக்கும் அவன் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனான். ஜெயசீலன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.