வேங்கை மரத்தில் சுற்றிய நான்கு தாள்கள்

மலிவான அச்சு மையின் வாடையும் தறி நூலுக்குப் போடும் புளித்த கஞ்சியின் வாடையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று இன்றைக்கு யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. நான் கதை படிக்கப் பழகியது அந்த வாடையில்தான். இப்போதும் எங்கேயாவது ஈரத் துணியைப் பழைய தாளில் சுற்றி வைத்திருந்தால், முதலில் ஓர் அடி தள்ளி நின்றுவிடுகிறேன், அப்புறம்தான் ஏன் என்று நினைவுக்கு வருகிறது.

எங்கள் ஊர் வெண்ணந்தூர். எங்களுடையது தறிக்காரக் குடும்பம். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது, எனக்கு ஒன்பது வயது. அப்பா சேலத்துக்குப் போய் நூல் 'சிப்பம்' கொண்டுவருவார். நூல் நசுங்காமலும் அழுக்குப்படாமலும் இருக்க சிப்பத்துக்குள் காகிதம் வைத்துக் கட்டியிருப்பார்கள். முன்பெல்லாம் அது வெள்ளைத் தாளாக இருக்கும். யுத்தத்தில் வெள்ளைத் தாள் காணாமல் போனதும், விலைபோகாத பழைய புத்தகங்களை அட்டையைப் பிய்த்துவிட்டு அப்படியே உள்ளே திணிக்க ஆரம்பித்தார்கள். நாலு பேர் விரும்பிப் படிக்கிற புத்தகத்தை யார் சிப்பத்துக்குள் திணிப்பார்கள்? எங்களிடம் வந்து சேர்ந்ததெல்லாம் யாருமே கேள்விப்படாத கதைகள். எழுதியவர் பெயர் இருக்காது, கதையின் பெயர் இருக்காது, சிலவற்றுக்கு ஆரம்பமே இருக்காது. நாங்களாகவே 'கிணத்துப் பெட்டிக் கதை', 'ரெண்டு மாமியார் கதை' என்று பெயர் வைத்துக்கொண்டோம். ஊர் புகழ்கிற எத்தனையோ புத்தகங்களைப் பிற்பாடு படித்துவிட்டேன். அந்த ருசி ஒன்றிலும் கிடைக்கவில்லை.

'நாங்கள்' என்றால் நானும் என் அத்தையும். பாவாயி அத்தை அப்பாவின் தங்கை. சேந்தமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆறு வருஷமாகியும் பிள்ளை இல்லை என்று புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, அத்தையை அடித்துத் துரத்திவிட்டான். எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுடைய இடது முழங்கை நேராக நீளாது, கடைசிவரைக்கும் நீளவில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டே ராட்டை சுற்றி, குறுக்கே ஓடுகிற ஊடை நூலைத் 'தார்க்குச்சி'யில் ஏற்றி அப்பாவின் தறிக்குக் கொடுப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்த ஐப்பசியில் வந்த சிப்பத்தில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று குழந்தைகளுக்கானது. கண் தெரியாத யானை ஒன்று தண்ணீர் தேடிப் போகிறது. அதன் தலைமேல் ஒரு தவளை உட்கார்ந்து வழி சொல்கிறது. தவளை ஒரு புளுகுணி. எதிரே வெறும் பொட்டல்காடாக இருக்கும், "இதோ, ஏரி பளபளவென்று தெரிகிறதே!" என்று கூசாமல் சொல்லும். யானையும் அதை நம்பி இன்னும் பத்து அடி வைக்கும். அத்தைக்கு அந்தத் தவளையை அவ்வளவு பிடிக்கும். படிக்கும்போதெல்லாம் ராட்டையை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எங்கள் வீட்டில் அவள் சிரித்தது அந்தக் கதைக்கு மட்டும்தான்.

மற்றொன்று பெரியவர்களுக்கான நாவல். அதில் மங்களவல்லி என்று ஒருத்தி. அவளும் புருஷன் வீட்டிலிருந்து விரட்டப்பட்டவள். பக்கத்துக்குப் பக்கம் அழுவாள். எனக்கு அலுப்பாக இருக்கும். அத்தையோ மூச்சுவிடாமல் கேட்பாள். சில இடங்களில், "அவளுக்கு நல்லதா நாலு வார்த்தை சேத்திப் படியேன் சாமி" என்று கெஞ்சுவாள். நான் மாட்டேன். தாளில் இருப்பதைத்தான் படிக்க வேண்டும், இல்லாததைச் சேர்த்தால் பிரம்படி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். "தாள்ல இல்லீங்கத்தை" என்று விறைப்பாகச் சொல்லிவிடுவேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் சேந்தமங்கலத்திலிருந்து ஆள் வந்தது. இளையவள் பிள்ளை பெற்றுப் படுத்த படுக்கையாகிவிட்டாள், கைக்குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை, மூத்தவள் திரும்பி வரலாம், வெள்ளிக்கிழமை வண்டி வரும் என்று சேதி. அம்மா அரிசிப் பானையை எட்டிப் பார்த்தாள். வீட்டில் ஒரு வாய் குறைந்தால் நல்லது என்று அவள் நினைத்தது எனக்கே தெரிந்தது. அப்பா தறிக்குழியில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"போனாலுஞ் செரி, இங்கயே இருந்தாலுஞ் செரி அம்மிணி. உன்ற இஷ்டந்தான். நா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்."

அதுவரைக்கும் அத்தையிடம் யாரும் எதற்கும் இஷ்டம் கேட்டதில்லை. அன்று மத்தியானம் அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "மங்களவல்லிக்கும் புருசன் ஊட்டுலருந்து எப்படியும் கடுதாசி வரும் பாரு. அவளும் என்னாட்டந்தான். அவ என்ன பண்றாள்னு பாத்துப்போட்டு நானும் வெள்ளிக்கெழம சொல்லிப்போடறேன்."

எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஒரு கதையைப் பார்த்தா முடிவு செய்வார்கள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அப்பா தறியில் புதுப் பாவு, அதாவது நெடுக்கு இழை, ஏற்றினார். நெய்த துணி சுருண்டுகொள்கிற உருட்டு மரத்துக்கு எங்களிடம் 'படமரம்' என்று பெயர். பழைய படமரம் விரிசல் விட்டுப்போனதால் புதிதாக வேங்கையில் இழைத்து வாங்கியிருந்தார். வேங்கையில் ஒரு தொல்லை உண்டு, ஈரம் பட்டால் செக்கச்செவேல் என்று சாயம் விடும். நாங்களோ ஊடை நூலை நனைத்து நெய்கிறவர்கள், அதுவும் வெள்ளை வேட்டி. ஆகவே புது மரத்தின் மேல் முதலில் தாளைச் சுற்றி, அதன்மேல்தான் துணியைச் சுருட்டுவார்கள். வெள்ளைத் தாள் இருந்த நாளில் அதற்கு யோசனையே தேவைப்பட்டதில்லை.

"ஏம் புள்ள, நாலு தாள் கொண்டா" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமலே.

கையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. யானைக் கதையிலிருந்து ஒரு தாள் கொடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. மங்களவல்லியின் புத்தகத்தைப் புரட்டி, பின்னாலிருந்து நான்கு தாள்களைக் கிழித்துக் கொடுத்தேன். கடைசித் தாளில் ஏதோ தைல விளம்பரம் இருந்தது, மற்ற மூன்றும் வழக்கமான அழுகையாக இருக்கும் என்று தள்ளிவிட்டேன். தெரியாமல் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். கதையின் முடிவு புத்தகத்தின் பின்னால்தான் இருக்கும் என்பது ஒன்பது வயதுக்காரிக்குத் தெரியாதா என்ன!

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மங்களவல்லிக்குக் கடிதம் வந்துவிட்டது. அவள் அதைப் பிரித்துப் படித்துவிட்டு எழுந்து நிற்கிறாள். அதற்கு மேல் தாள் இல்லை, பிய்ந்த நூல் மட்டும் தொங்கியது. தாள்களைக் கிழித்துக் கொடுத்ததை நான் அழுதுகொண்டே சொன்னேன். அத்தை திட்டவில்லை. தறியைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா ஏற்கெனவே மூன்று முழம் நெய்து மரத்தில் சுருட்டியிருந்தார், தாள்கள் அதற்கடியில், மரத்தோடு மரமாக இருந்தன.

"அண்ணா, அந்த மரத்தக் கொஞ்சம் அவுத்துக் காட்டுவியா?"

"அறுப்புக்கு முன்ன அவுத்தா துணியில கோடு விழுந்துரும். உனக்குத் தெரியாததா அம்மிணி?"

அவளுக்குத் தெரிந்ததுதான். ஒரு ஜோடி வேட்டி முழுசாக முடிந்தால்தான் அறுத்து எடுப்பார்கள். "எப்ப அறுப்ப?" என்றாள். மழை ஈரத்தில் இழை அறுந்துகொண்டே இருந்தது. "வெள்ளி மத்தியானம் ஆயிரும்" என்றார் அப்பா.

அந்த மூன்று நாளும் அத்தை ராட்டை சுற்றிய வேகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குத் தாங்கவில்லை. ஒரு தார் தீருவதற்குள் அடுத்த தார் தயாராக இருக்கும், அறுந்த இழையை அப்பாவுக்கு முன்னால் அவளே எட்டிப் பிணைப்பாள், மடங்கிய கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு சோற்றுக்குக்கூட எழுந்திருக்க மாட்டாள். தங்கச்சிக்கு என்ன வந்தது என்று அப்பா ஆச்சரியப்பட்டார். நடுவில் நான் யானைக் கதையை எடுத்து வந்து படிக்கட்டுமா என்றேன். "அதெல்லாம் பொறவு சாமி" என்றாள்.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் சேந்தமங்கலத்து வண்டி வந்து வாசலில் நின்றது. புருஷன் இறங்கவில்லை; அவனுடைய அக்காள்தான் இறங்கி வந்து கோரைப்பாயில் உட்கார்ந்தாள். உள்ளே அப்பா கடைசி முழத்தைத் தட்டி முடித்துத் துணியை அறுத்தார். மரத்திலிருந்து துணியைப் பிரிக்கப் பிரிக்க வெள்ளையாக வந்தது. அடிக்குப் போனதும் அப்பா "ஐயோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

வேங்கைச் சாயம் ஒரு பொட்டுக்கூட இறங்கவில்லை. அச்சு மை இறங்கிவிட்டது. தாள்கள் ஈரத்தில் ஊறிக் கூழாகி மரத்தோடு ஒட்டிப்போயிருந்தன. எழுத்துகள் மட்டும் வேட்டியின் முதல் இரண்டு முழத்தில், இடம் வலமாக மாறி, கறுப்பாகப் பதிந்திருந்தன. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். அத்தை மட்டும் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "படி சாமி" என்றாள்.

நான் ஓடிப்போய் மாடத்திலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்தேன். கண்ணாடியில் எழுத்து நேராகத் தெரிந்தது. முழுசாகப் பதிந்திருந்தது விளம்பரம்தான். கூந்தல் கருகருவென்று வளரும், போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள் என்று ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது. அதையும் உரக்கப் படித்தேன். கதை இருந்த இடமெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று அப்பிக் கறுப்புத் தீற்றலாகக் கிடந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு வரி பிழைத்திருந்தது.

"'மங்களவல்லி வாசற்படியில் வந்து நின்றாள்.'"

"அப்பறம்?"

"அப்பறம் மை அப்பியிருக்குதுங்கத்தை."

"படியில நின்னாள்னா, போறதுக்கு நின்னாளா, போவ மாட்டேன்னு நின்னாளா?"

"தெரியலீங்கத்தை."

"நல்லாப் பாரு சாமி. நீ என்ன சொன்னாலுஞ் செரி."

நான் கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பினேன். அத்தை துணியைப் பார்க்கவில்லை, என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல விறைப்பாகச் சொன்னேன்.

"தாள்ல இல்லீங்கத்தை."

வாசலிலிருந்து புருஷனின் அக்காள் குரல் கொடுத்தாள். "என்ன முடிவுங்க? பொழுதாகுதுங்க!"

அத்தை துணியை மெதுவாக மடித்தாள். "வாசப்படி வரைக்கும் வந்தவ போவாம என்ன பண்ணியிருப்பா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்புறம் அப்பாவிடம், "வாரேன்னு சொல்லிரு அண்ணா. போறதுக்குள்ள இத அலசிப்போடறேன்" என்றாள்.

அலசினாள். உவர்மண்ணும் சவுக்காரமும் போட்டு, ஒற்றைக் கையால் கல்லில் அடித்து, வண்டிக்காரன் இரண்டு தடவை சத்தம் போடும்வரைக்கும் அலசினாள். எழுத்துகள் போய்விட்டன, சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் மட்டும் நின்றது. அந்த வேட்டி விலைபோகவில்லை, அப்பாவே கட்டிக்கொண்டார். வண்டி ஏறும்போது அத்தை என் கன்னத்தைத் தொட்டாள், அவள் விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன.

அதற்கப்புறம் அவள் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. இரண்டு ஆடிக்கும் அழைக்கப் போன அப்பாவை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் வருஷம் அவள் செத்துப்போன சேதி வந்தது. காய்ச்சல் என்று சொன்னார்கள். அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். அவர் அதை நம்பவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது, ஆனால் எங்கேயும் போய்க் கேட்கவில்லை. யானைக் கதையை நான் திரும்பப் படிக்கவில்லை. ஒரு தாள்கூடக் குறையாமல் பரண்மேல் இருந்து கரையான் தின்றது.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. தறிக்குழியை மூடி சிமெண்டு பூசி அதன்மேல் கட்டில் போட்டிருக்கிறார்கள். வேங்கைப் படமரம் எந்த அடுப்புக்குப் போனதோ தெரியாது. எந்த ஊருக்குப் போனாலும் பழைய புத்தகக் கடையைப் பார்த்தால் நுழைந்து, மங்களவல்லி என்று ஒருத்தி வருகிற கதை இருக்கிறதா என்று கேட்பேன். புத்தகத்தின் பெயர் என்ன என்பார்கள், எழுதியது யார் என்பார்கள். இரண்டும் எனக்குத் தெரியாது. நூலகங்களில் சிரித்த முகத்தோடு கைவிரித்துவிட்டார்கள். அது இந்த உலகத்தில் இனி எங்கேயும் இல்லை என்று ஒப்புக்கொண்டு சில வருஷமாகத் தேடுவதை விட்டுவிட்டேன். கிடைத்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஏனென்றால் அன்றைக்கு அந்த முடிவு யாருக்கும் தேவைப்படவில்லை. அத்தைக்கு எழுத்துத் தெரியாது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாது. கண்ணாடி என் கையில் இருந்தது. மையப்பிய அந்த இடத்தைப் பார்த்து, "'நான் வரமாட்டேன் என்றாள் மங்களவல்லி'" என்று நான் படித்திருந்தால், அந்த வீட்டில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரிந்திருக்காது. வண்டி வெறுமனே திரும்பிப் போயிருக்கும். அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் பிழையில்லாமல் படித்தேன்.

தவளையாக இருந்திருந்தால் சொல்லியிருக்கும்.