இத்தாலி ரத்தமும் நாமக்கல் பெயிண்டும்

யூடியூபில் பேய்ப்படக் கதை சொல்லும் தொழிலில் முதலில் கெடுவது தொண்டை, அடுத்தது சாப்பாடு. மத்தியானம் குழம்பில் கை வைக்கும்போதுதான் காலையில் பார்த்த படத்தில் யார் வயிற்றிலிருந்து என்ன வந்தது என்பது ஞாபகத்துக்கு வரும். கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் படம் பார்க்கும் என் இனத்து மக்களே, இந்தக் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் மைக் பிடித்து அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தவள் நான். கல்யாணமாகி நாமக்கல் வந்த பிறகு அந்தக் குரல் சும்மா கிடப்பானேன் என்று ஒரு சேனல் தொடங்கினேன். ஹாலிவுட், கொரியா எல்லாவற்றையும் மற்றவர்கள் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். யாரும் தொடாமல் மிச்சமிருந்தவை பழைய இத்தாலியப் படங்கள். ஏன் தொடவில்லை என்பது முதல் படத்தின் பத்தாவது நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

பொழுதுபோக்காக ஆரம்பித்ததுதான். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டரான என் வீட்டுக்காரர் சேவியர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு படுத்தாரே, அன்றிலிருந்து வீட்டில் உலை கொதித்தது அந்தச் சேனலால் மட்டும்தான்.

எந்தக் கடைச் சிவப்பு

வெளிநாட்டுக்காரர்கள் இந்தப் படங்களில் ரத்தத்துக்குக் கஞ்சத்தனமே காட்டுவதில்லை. ஒரு கத்திக்குத்துக்கு ஒரு குடம். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்று கட்டிலில் படுத்திருந்தவரைக் கேட்பேன். அவர் பார்த்துச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். ஒரு நாள் அவர் பதிலே சொல்லாமல் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். இடுப்பு வலியில் முனகிக்கொண்டே சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்காகவே அந்த டைரக்டரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

"அட, அது ரத்தமே இல்ல புள்ள. டிப்பர் பின்கதவுக்கு நாங்க அடிக்கிற செவப்பு. ரெண்டாங் கோட்டுங்கூட அடிக்காம படம் புடிச்சிருக்கானுங்க."

வாய் மூடியும் அலறல்

இந்தப் படங்களின் இன்னொரு வியாதி, வாயும் பேச்சும் ஒட்டாது. நடிப்பவர்கள் ஆளுக்கொரு நாட்டுக்காரர்கள், ஆளுக்கொரு பாஷையில் பேசி நடித்துவிட்டுப் போய்விடுவார்களாம். குரலைப் பிறகு யாரோ கொடுப்பார்கள். கதையும் அப்படித்தான். கொலைகாரன் யார் என்று கடைசியில் தெரியும், ஏன் கொன்றான் என்பது அவனுக்கே தெரிந்திருக்காது. நான் சொந்தமாக ஒரு காரணத்தை ஒட்டுப்போட்டுச் சொல்வேன். சொத்துத் தகராறு என்றால் நம் ஆட்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள்.

வாழப்பாடியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார்: "உங்க காரணத்தை நான் ஒத்துக்கிறேன்மா, ஆனா செத்துப்போன பொம்பள வாயை மூடிக்கிட்டே இவ்ளோ நேரம் கத்துறாளே, அதுக்கும் ஒரு காரணம் சொல்லிடு."

சிஸ்டரின் போன்

கன்னியாஸ்திரி மடத்தில் பிசாசு புகும் படம் ஒன்றைச் சொல்லிவிட்டு, யார் திட்டப்போகிறார்களோ என்று காத்திருந்தேன். நானே மாதா கோயிலுக்குப் போகிறவள். மறுநாள், என்னைப் படிக்கவைத்த பள்ளிக்கூடத்தின் பழைய தலைமையாசிரியை சிஸ்டர் போன் செய்தார். ஓய்வுபெற்றுச் சேலத்தில் மடத்தோடு இருப்பவர். நான் எழுந்து நின்றுகொண்டேன், போனில் அவருக்குத் தெரியப்போவதில்லை என்றாலும்.

சிஸ்டர் வீடியோவை முழுதாகப் பார்த்திருந்தார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் எடுத்த விதம் அருமை என்றார். இன்னொரு காட்சியில் நீல வெளிச்சத்தில் மாதா சுரூபத்தைப் பார்த்து அரைமணி நேரம் வேறு எதையும் யோசிக்க முடியவில்லையாம். கண் கலங்கிப்போய் நன்றி சொன்னேன். அப்புறம்தான் குறையைச் சொன்னார்.

"பிசாசு வந்ததைக்கூட நம்பிட்டேன் ஸ்டெல்லா. ஞாயித்துக்கிழமை பூசைக்கு ஒரு ஆள்கூட வராம கோயில் காலியா கெடக்குது பாரு, அதைத்தான் நம்ப முடியல."

கண்ணாடியில் தெரிந்தது

எங்கள் தொழிலில் 'கொலை' என்ற சொல்லை வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் யூடியூப்காரர்கள் வீடியோவை ஒதுக்கிவிடுவார்கள். அதனால் 'சம்பவம்' என்போம், 'மேலே அனுப்பிட்டான்' என்போம். ஆனால் வாயை அடக்கி என்ன பயன்? படத்தில் ரத்தம் தெரிகிறது என்று முதல் எச்சரிக்கை வந்துவிட்டது. அதிலிருந்து ரத்தத்தை மங்கலாக்கும் வேலை சேவியருடையது. படுத்தபடியே லேப்டாப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு சிவப்பு தெரிகிற இடமெல்லாம் பனிமூட்டம் போடுவார். இத்தாலிக்காரனோ திரைச்சீலை, கம்பளம், லிப்ஸ்டிக், கார் என்று எல்லாவற்றுக்கும் சிவப்பையே அடித்து வைத்திருக்கிறான். எது ரத்தம், எது சோபா என்று தெரியாமல் ஒரு படம் முழுக்கவே பனிமூட்டமாகிப்போனது. "இந்தக் கலரு வர்றதுக்கு என்னென்ன கலக்குனானோ, அத நாம அழிக்கிறமே" என்று வருத்தப்பட்டுக்கொண்டேதான் செய்தார்.

அப்படியும் ஒரு தப்பு நடந்தது. ஒரு படத்தில் தரையில் கிடந்த பெண்ணை ஒழுங்காக மறைத்தவர், எதிரே நிலைக்கண்ணாடியில் தெரிந்த அதே பெண்ணை விட்டுவிட்டார். இவர்கள் படத்தில் கண்ணாடி இல்லாத அறையே கிடையாது என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. இரண்டாவது எச்சரிக்கை வந்தது. இன்னொன்று வந்தால் சேனலை மூடிவிடுவார்கள்.

அன்று நான் சமையலே செய்யவில்லை. எலும்பு சேரும்வரை சாரம் ஏறக்கூடாது, மறுபடி விழுந்தால் நடக்கவே முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சேவியர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். பேய்ப்படம் எதற்கும் வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது.

"நீ ஒண்ணும் ரோசன பண்ணாத புள்ள. பொங்கலுக்கு வண்டியெல்லாம் பெயிண்டிங்குக்கு வரும், நான் பட்டறைக்குப் போறேன்."

கரண்ட் இல்லாத நாள்

எங்கள் வீட்டை ஒட்டியே பட்டறைகள்தான். தகரம் தட்டும் சத்தமும் கிரைண்டர் சத்தமும் ஓய்வதே இல்லை. மாதம் ஒருமுறை பராமரிப்புக்கென்று மின்சாரத்தை நிறுத்துகிற நாளில்தான் தெரு அமைதியாகும். மற்ற ஜனங்கள் விசிறியும் கையுமாக மின்வாரியத்தைத் திட்டும் அந்த நாளில்தான் நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, சார்ஜ் ஏற்றி வைத்த போனில் குரல் பதிவு செய்வேன். அந்த மாதமும் அப்படி உட்கார்ந்தபோது ஒரு முடிவு எடுத்தேன். படத்துண்டே போடுவதில்லை. கறுப்புத் திரை, என் குரல், அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் குறைந்தால் குறையட்டும், இன்னொரு எச்சரிக்கை வந்து சேனல் மூடிப்போய் இவர் மட்டும் சாரம் ஏறக்கூடாது.

காட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. மாடிப்படி எப்படி வளைகிறது, கொலைகாரனின் கறுப்புக் கையுறை, சம்பவ நேரத்தில் தாலாட்டு மாதிரி ஒலிக்கிற அந்த இசை. இத்தனை அழகை இத்தனை நாள் ரத்தத்துக்குப் பயந்து பார்க்காமல் விட்டிருக்கிறேனே என்று தோன்றியது. கலரை மட்டும் சேவியர் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் பெயிண்ட் டப்பாவில் இருக்கிற பெயரைச் சொல்ல, நான் அதை ஜவுளிக்கடைப் பாஷையில் மயில்கழுத்து, ராமர் பச்சை, அரக்கு என்று மாற்றிச் சொன்னேன்.

"இனிமேல் படம் வராது, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுப் பதிவேற்றினேன். ஆட்கள் கொத்துக்கொத்தாக விலகுவார்கள் என்று காத்திருந்தோம். ஒருவரும் போகவில்லை. கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிற பெண்ணொருத்தி, "படம் எப்ப வந்துச்சு?" என்று கேட்டிருந்தாள். இன்னொருவர் தறி ஓட்டுகிறவர், இழையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாதாம். எங்களுக்கு விளங்கவில்லை. அன்று சாயங்காலம், எங்கோ வடக்கே ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போடப் போயிருந்த திருச்செங்கோட்டு டிரைவர் ஒருவர் குரல் செய்தி அனுப்பினார். நானும் சேவியரும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். கேட்டுவிட்டு அவர் நல்ல பிள்ளையாகப் படுக்கையில் சாய்ந்துகொண்டார். எலும்பு சேர்ந்து, டாக்டர் சொன்ன பிறகுதான் பட்டறைப் பக்கம் போனார்.

"ஏனுங்க அக்கா, இதுக்குப் போயி மன்னிப்பெல்லாம் கேக்கறீங்க? நான் ஸ்டேரிங்கப் புடிப்பனா, படம் பாப்பனா? போனு எப்பவும் சட்டப் பாக்கெட்டுலதான் கெடக்குதுங்க, நீங்க பேசறது நின்னாத்தான் எனக்கு பயமா இருக்குதுங்க."

இத்தாலிக்காரர்கள் பீப்பாய் பீப்பாயாக ஊற்றிய ரத்தத்தில் ஒரு சொட்டைக்கூடப் பார்க்காதவர்கள் புண்ணியத்தில்தான், என் வீட்டுக்காரர் இன்று இரண்டு காலில் நடக்கிறார்.