பை படகில், ஆள் விமானத்தில்

எங்கள் வீட்டு எடை இயந்திரம் ஒன்றரை வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறது. ஏறி நின்றால் கிலோ காட்டும் சின்னக் கண்ணாடிப் பலகைதான். இரவல் போன பொருளைத் திரும்பக் கேட்பதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஏணி, ஸ்க்ரூ டிரைவர், மாவட்ட வரைபடம் எல்லாவற்றையும் நாள் வைத்துக் கேட்டு வாங்கியிருக்கிறேன். இதை மட்டும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். சொந்த ஊர் அஞ்சுகிராமம். கோட்டாற்றுக்குத் தெற்கே எங்கள் தெருவில் வீடு கட்டி மனைவியைக் குடிவைத்துவிட்டு, கடலுக்கு அப்பால் ஒரு தீவு நாட்டில் வேலை பார்த்தார். நாட்டின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே நடக்கும் விசாரணை இன்னும் முடியவில்லை. முடியாத விசாரணையைப் பெயரோடு எழுதக் கூடாது என்று பழகியவன் நான். நம் மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு ஆசிரியராவது போய்வந்த நாடு என்பதால் சொல்லாமலே விளங்கும்.

நான் ஓய்வு பெற்றது விமான நிலையக் கோபுரத்திலிருந்து. எந்த விமானம் எப்போது இறங்கலாம், எது காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் வேலை. முப்பது வருடம் அதைச் செய்தவனுக்குப் பிறகு வாயை மூடத் தெரியாது. எங்கள் தெருவில் பாஸ்போர்ட் புதுப்பிப்பவரிலிருந்து பட்டா மாற்றுபவர் வரை என்னிடம் வந்துதான் படிவம் கேட்பார்கள். வராதவர்களுக்கும் நான் சொல்வதுண்டு.

அந்த நாட்டுக்கு விடுமுறை முடிந்து யார் திரும்பிப் போனாலும், அங்கே வேலை பார்க்கும் மற்றவர்களின் வீட்டார் பொட்டலத்தோடு வந்துவிடுவார்கள். முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் வற்றல், கருவாடு, தேங்காய் எண்ணெய். ஒவ்வொன்றிலும் கறுப்பு மையால் பெயர் எழுதியிருக்கும். மறுக்க முடியாது, அடுத்த முறை உங்கள் வீட்டுப் பொட்டலத்தை அவர்கள்தான் சுமக்க வேண்டும். பையில் முதலில் ஊரார் பொட்டலம், மிச்ச இடத்தில் சொந்தச் சட்டை. அந்தப் பையை எடை பார்க்கத்தான் எங்கள் இயந்திரம் போனது. வாத்தியார் முதலில் தனியாக ஏறி நின்றார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். கழித்துப் பார்த்ததில் பை இருபத்தொன்பது கிலோ.

திருவனந்தபுரத்திலிருந்து போகும் பெரிய விமானத்துக்கு அது சிக்கல் இல்லை. அந்த நாட்டுத் தலைநகரிலிருந்து அவர் வேலை பார்த்த தீவுக்குப் போகத்தான் இரண்டு வழி. ஒன்று, இரவு முழுக்க ஓடி மறுநாள் காலையில் சேரும் சரக்குப் படகு. அதில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம், எவ்வளவு நாறினாலும் கேள்வி இல்லை. இன்னொன்று, ஒரு மணி நேரத்தில் போகும் குட்டி விமானம். அதில் இருபது கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள். ஆறு வருடமாக அவர் படகில்தான் போய்வந்தார்.

அவர் மனைவிக்குச் சொந்த ஊர் இராஜாக்கமங்கலம் கடற்கரை. அவளுடைய அண்ணன் புயலில் மாட்டிய மீன்பிடி வள்ளத்தில் போனவன். வள்ளமும் வரவில்லை, உடலும் வரவில்லை. கணவன் படகில் ஏறும் ஒவ்வொரு முறையும் அவள் இரவு முழுவதும் உட்கார்ந்திருப்பாள் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். அந்த முறை புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, மதில் பக்கம் நின்று அவள் என்னைக் கூப்பிட்டாள்.

“சார், நீங்க ஒரு வார்த்த சொல்லணும். பிளேன்ல போவச் சொல்லுங்க. நான் சொன்னா அவிய சிரிக்காவ.”

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் நான் ஒரு மணி நேரம் பேசுவேன் என்பது தெருவுக்கே தெரியும். அன்று மாலை அவர் வீட்டு முன்னறையில், பொட்டலங்களுக்கு நடுவே ஒரு நாற்காலியை ஒதுக்கி உட்கார்ந்து பேசினேன். சரக்குப் படகில் யார் ஏறினார்கள் என்ற பட்டியல்கூட ஒழுங்காக இருக்காது, படகோட்டுபவன் வானத்தை அண்ணாந்து பார்த்தே வானிலையை முடிவு செய்வான். விமானம் அப்படியல்ல, ஆளையும் எடை போடுவார்கள், வானிலை அறிக்கை பார்ப்பார்கள், இரண்டு விமானிகள், கீழே கோபுரத்தில் என்னைப் போல் ஒருவன். இப்படிப் போனது என் பேச்சு. ஒரு சொல்லும் பொய்யில்லை.

வாத்தியார் பொறுமையாகக் கேட்டார். “எடம் பத்தல்லன்னு என்னய எறக்கிட்டுக் கருவாட்ட ஏத்திட்டுப் போயிருவானே சார்” என்றார். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுக்கென்ன ஓய்,” என்றேன். “பையப் போட்டுல போடும். நீரு பிளேன்ல போவும்.”

அவர் மனைவியை ஒரு தரம் பார்த்தார். “சரி சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அரை மணி நேரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு முந்திரிக்கொத்து வந்தது. யாருடைய பெயர் எழுதிய பொட்டலத்திலிருந்து அவள் எடுத்தாளோ தெரியாது.

புறப்பட்ட நாள் பிற்பகலில் எனக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தலைநகரில் பையைப் படகுக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு, குட்டி விமானம் ஏறப் போயிருந்தார். “ஆளையும் எடை போடுகான் சார். எழுபத்தி நாலு. வீட்ல எழுபத்தி மூணுல்லா? ஒங்க மிஷின் ஒரு கிலோ கள்ளம் சொல்லுகு.” மதியச் சாப்பாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று பதில் எழுதினேன். அதை அவர் பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் வந்தன.

இறங்க வேண்டியது அங்கே நான்கு மணிக்கு, நமக்கு நாலரை. இறங்கியதும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பது அவர்களுக்குள் வழக்கம். இரண்டு முறை மணி அடிக்கும், நிற்கும், அவள் மற்ற வேலையைப் பார்க்கப் போவாள். நாலே முக்காலுக்கு அவள் எங்கள் வாசலில் நின்றாள்.

“இன்னும் அடிக்கல்ல சார்.”

“அங்க நம்மள விட அரை மணி நேரம் பிந்தில்லா” என்றேன்.

ஆறு வருடம் அந்த அரை மணி நேரத்தோடு வாழ்ந்தவள் அவள். அதைக் கழித்துத்தான் வந்திருந்தாள். ஆனாலும் நான் சொன்னதால் தன் கணக்கில்தான் பிழை என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

எங்கள் தொழிலில் ஒரு விமானம் வரவில்லை என்றால் மூன்று கட்டங்கள் உண்டு. வர வேண்டிய நேரம் தாண்டி அரை மணி நேரம் தகவல் இல்லையென்றால் ஐயக் கட்டம். தேடிக் கேட்டும் பதில் இல்லையென்றால் எச்சரிக்கைக் கட்டம். மூன்றாவது ஆபத்துக் கட்டம். இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இறங்க அனுமதி வாங்கிய விமானம் ஐந்து நிமிடத்தில் இறங்காமல், கூப்பிட்டும் பேசாமல் போனால், முதல் கட்டம் கிடையாது; நேரே இரண்டாவது. அவள் வாசலில் நின்றபோது பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது.

உள்ளே வந்து கைப்பேசியில் அந்தத் தீவின் வானிலை அறிக்கையைத் திறந்தேன். மழை, தாழ்ந்த மேகம், காற்று திசை மாறியிருக்கிறது. விமானங்களை வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் செயலியைத் திறந்தேன். புள்ளி தீவுக்குச் சற்று முன்னால், வெறும் கடல் நீலத்தின் மேல் நின்றிருந்தது. தாழப் பறந்தால் அந்தச் செயலிக்கு எட்டாது. புள்ளி நிற்பது ஒன்றுக்கும் சாட்சி அல்ல. இதை இரண்டு தரம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். இருவரும் பக்கத்து வீட்டுக்குப் போனோம். வாத்தியார் மனைவி தேநீர் போட்டுக் கொடுத்தாள். மழையென்றால் வட்டமடிப்பார்கள், வேறு தீவுக்குத் திருப்புவார்கள், எண்ணெய் மிச்சம் வைத்துத்தான் கிளம்புவார்கள் என்றேன். எல்லாம் விதிப்படி உண்மை. அவள் ஒவ்வொன்றுக்கும் “ஆங்” என்றாள். கைப்பேசியை உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள், சூடான பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவளைப் போல. எண்ணெய் எவ்வளவு நேரம் வரும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், சொல்லும்போதே அது தீர்ந்துகொண்டிருந்தது.

ஐந்தே முக்காலுக்கு மணி அடித்தது. இரண்டோடு நிற்கவில்லை. திரையில் தெரிந்த பெயரைப் பார்த்தாள். வாத்தியாரின் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் கோட்டாற்றுக்காரர். அவள் எடுக்காமல் என்னிடம் நீட்டினாள். “நீங்க பேசுங்க சார்.”

அவர் வாத்தியாரை அழைத்துப் போக ஓடுதளத்தின் வேலிப் பக்கம் மோட்டார் பைக்கோடு நின்றவர். என் குரல் கேட்டதும் நிம்மதியானார் என்றே நினைக்கிறேன். அவளிடம் சொல்ல வேண்டியதில்லை அல்லவா.

“ரன்வே வரைக்கும் வரல்ல சார். மழைக்குள்ள சத்தம் கேட்டுது. பொறவு கேக்கல்ல.”

கோபுரத்தில் பழகிய வாய், கேட்டதைத் திருப்பிச் சொன்னது. “ரன்வே வரைக்கும் வரல்ல.” அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்று பிறகுதான் உறைத்தது. அவள் என் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். என் மனைவி “மக்களே” என்று பெற்ற மகளை அழைப்பதுபோல் அழைத்து அவள் தோளைப் பிடித்தாள்.

ஒருவரும் பிழைக்கவில்லை. அடுத்த ஒன்பது நாட்களும் நான் மிகவும் பயனுள்ள மனிதனாக இருந்தேன். தூதரகத்துக்குக் கடிதம், இறப்புச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, ஆட்சேபணை இல்லை என்ற சான்று, திருவனந்தபுரத்தில் சரக்குப் பிரிவில் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்பது வரை. எந்தத் தாளும் ஒரு தடவைகூடத் திரும்பி வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் சார் இல்லையென்றால் என்ன செய்திருப்போம் என்றார்கள். நான் தலை குனிந்து அடுத்த படிவத்தை எடுத்தேன்.

பை, விமானம் விழுந்ததற்கு மறுநாள் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. வேதியியல்காரர் படகுத் துறைக்குப் போய் வாங்கியிருக்கிறார். என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, பெயர் பார்த்துப் பொட்டலங்களை அவரவரிடம் கொடுத்திருக்கிறார். ஒரு பாட்டில் கூட உடையவில்லை. பெயர் எழுதாத நார்த்தங்காய் ஊறுகாய் ஒன்று மிஞ்சியது, அது வாத்தியாருடையது. அதை என்ன செய்ய என்று அவளிடம் கேட்கத் தயங்கி என்னிடம்தான் கேட்டார். நானும் அவளிடம் கேட்கவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். படகு எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்று மட்டும் கேட்டேன். ஆறே காலுக்கு, கடலில் அலையே இல்லையாம். இந்தத் தகவல் எனக்கு எந்தப் படிவத்துக்கும் தேவைப்படவில்லை.

சில மாதங்களில் முதற்கட்ட அறிக்கை வந்தது. கணினியில் இறக்கி, தாளில் எடுத்து மூன்று தரம் படித்தேன். எடை அனுமதிக்குள் இருந்தது. விமானிகளுக்குத் தகுதி இருந்தது. மழைக்குள் ஓடுதளம் கண்ணுக்குத் தெரியாமல், கீழே இறங்கியபடியே தொடர்ந்திருக்கிறார்கள். தெரியவில்லையென்றால் மேலே ஏறித் திரும்ப வேண்டும் என்பது முதல் பாடம். ஏன் ஏறவில்லை என்று இன்னும் யாரும் எழுதவில்லை.

அதன் பிறகு ஒரு வருடம் நான் அவளுடைய ஒரு கேள்விக்காகக் காத்திருந்தேன். நீங்கள் சொல்லித்தானே ஏறினார் என்ற கேள்வி. மதிலருகே அவள் துணி காயப் போடும்போது நான் உள்ளே போய்விடுவேன். வழியில் பார்த்தால் அவளே முதலில் நலம் கேட்பாள். அந்த மரியாதையைத் தாங்குவது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

போன வாரம் அவள் வந்தாள். காலை பத்து மணி. கையில் ஒரு உறை. நான் கண்ணாடியைத் தேடுவதுபோல் உள்ளே எழுந்து போக இருந்தேன், முடியவில்லை.

அவளும் பி.எட். முடித்தவள் என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் வேலை பார்த்த அதே பள்ளியில் அவளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். போவதாக முடிவு செய்துவிட்டாள். உறையில் நியமனக் கடிதம். எங்கெங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள். காட்டினேன். ஒவ்வொரு இடத்திலும் நிதானமாகப் போட்டாள். பொட்டலங்கள் வரத் தொடங்கிவிட்டன, உங்கள் எடை இயந்திரம் இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும் என்றாள். இருக்கட்டும் என்றேன்.

பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். முன்னறையில் அன்று பார்த்த அதே பார்வை.

“அங்கேருந்து தீவுக்கு நான் எதுல போவ சார்?”

ஒரு வருடமாக நான் தயாரித்து வைத்திருந்த பதில்கள் எதுவும் இந்தக் கேள்விக்கு உரியவை அல்ல.

“அத எங்கிட்ட கேக்காண்டாம் மக்களே. அண்ணைக்கு நான்தான் அவர...”

“நான்லா சொல்லச் சொன்னேன்” என்றாள். குரல் உயரவில்லை. “அது எனக்குத் தெரியும் சார். இப்பம் எதுல போவன்னு சொல்லுங்க.”

விமானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த நியாயங்களெல்லாம் அப்படியே இருக்கின்றன, எதுவும் பொய்யாகவில்லை. படகைப் பற்றி நான் அன்று சொன்ன குறைகளும் அப்படியேதான். பருவக்காற்று தொடங்கும் மாதம் இது. அவளுடைய அண்ணனின் படம் அவர்கள் வீட்டில் எந்தச் சுவரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாத்தியாரின் படம் அதற்குப் பக்கத்தில். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

“போட்டுல போங்க” என்றேன். “பையும் நீங்களும் ஒண்ணாப் போங்க.”

அவள் தாள்களை உறைக்குள் அடுக்கி வைத்தாள்.

“சரி சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அவள் போனதும் கடல் வானிலை அறிக்கை எந்த இணையதளத்தில் வருகிறது என்று தேடினேன். இதுவரை அது எனக்குத் தேவைப்பட்டதில்லை. வியாழக்கிழமை மாலை படகு புறப்படுகிறது. சேர வேண்டியது வெள்ளி காலை ஆறே காலுக்கு, நமக்கு ஆறே முக்கால். மிஸ்டு கால் எங்கள் வீட்டு எண்ணுக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.