எட்டாவது கல்

இது எனக்கு நடந்தது. கூட்டிச் சொல்லவில்லை. என் கைகளைப் பார்த்தவர்கள் மறுபேச்சுப் பேசுவதில்லை.

வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம். சனிக்கிழமைகளில் அதன் படிகளைக் கழுவுகிறேன். நான்காம் மாடியில் நோறா என்ற அயர்லாந்துக் கிழவி. எங்களுக்கு அவர் சிஞ்ஞோரா, எசமானியம்மா. அவரைப் பராமரித்தவள் என் மச்சாள் ஸ்ரெல்லா. எனக்கு அந்த வேலையைப் பிடித்துத் தந்தவளும் அவள்தான்.

ஆகஸ்ட் பதினாறு, சனிக்கிழமை. பிற்பகல் 2.40. தெருவில் கடைகள் பூட்டு. மூன்றாம் மாடிப் படியில் சிவப்புத் துணி முடிச்சு ஒன்று கிடந்தது. படியில் கிடப்பதை எடுப்பது என் வேலை. எடுத்தேன். அவிழ்த்தேன். கூழாங்கற்கள். ஏழு சிறியவை. ஒன்று பெரியது. அது மட்டும் சூடாக இருந்தது.

மேலே கதவு திறந்தது.

டொக்.

கிழவியின் கைத்தடி.

"சிஞ்ஞோரா?"



டொக்... டொக்...

நான் கழுவிய ஈரப் படிகள். தடியின் தடம் விழுந்தது. காலின் தடம் விழவில்லை.

எட்டாவது தட்டு என் பக்கத்தில்.

காதருகே நீண்ட மூச்சு. நோவு தீர்ந்தவர் விடும் மூச்சு.

பிறகு... ஒன்றுமில்லை.

2.46.

திங்கள் மாலை பிரான்காச்சோப் பகுதியில் ஸ்ரெல்லாவின் கதவைத் தட்டினேன். என் விரல்களில் ஏழு மருக்கள் முளைத்திருந்தன. மருக்களை மறைக்க இரண்டு வருடம் கையுறை கழற்றாதவளின் கைகள் வெறுமையாக, சுத்தமாக இருந்தன.

"மரு எங்கை மச்சாள்?"

"சிஞ்ஞோரா சொல்லித்தந்த அவவின்ரை ஊர் வைத்தியம். மருவுக்கு ஒரு கல்லாத் தேய்ச்சு, துணியிலை முடிஞ்சு வழியிலை போடோணும். எடுக்கிற ஆளுக்குப் போயிடும்."

"ரோட்டிலை போட்டிருக்கலாமே."

"ரோட்டிலை ஆர் எடுப்பினம்? நீ எண்டா எடுப்பாய்." பார்வையைத் திருப்பினாள். "நாளைக்குப் புது வீட்டிலை வேலை. கையைப் பாப்பினம். மருதானே, அமலினி. கோவிக்காதை."

"அந்தப் பெரிய கல்லு?"

"என்ன பெரிய கல்லு? ஏழுதான் வைச்சனான். சனி காலமை."

"எட்டு இருந்தது. சிஞ்ஞோராவும் இறங்கி வந்தவ."

"விசரே உனக்கு? அவ வியாழக்கிழமையே செத்துப்போனா. நெஞ்சிலை கட்டி."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா படி கழுவ வந்திருப்பியோ?"

வீட்டுக்கு வந்து குளித்தேன். இடது மார்பின் கீழே கை நின்றது.

கூழாங்கல் அளவு.

சூடாக இருந்தது.